ஹெட்மாஸ்டர் கொடுத்த பிறந்தநாள்

நம் வகுப்பு வாட்சப் குழுவில் வருஷாவருஷம் மே பத்தாம் தேதி நடக்கிற கூத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விடிந்ததும் விடியாததுமாகப் பதினோரு பேருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. நீ எனக்குச் சொல்கிறாய், நான் உனக்குச் சொல்கிறேன். நடுவில் ஒருவர் கேக் படம் போடுகிறார், இன்னொருவர் அதே கேக்கைத் திருப்பிப் போடுகிறார். எல்லாரும் ஒரே நாளில் பிறக்க நாம் என்ன ஒரே அடையில் பொரித்த கோழிக்குஞ்சுகளா? அத்தனையும் நம் ஹெட்மாஸ்டர் செய்த வேலை.

என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த கதையை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னாராம் ஹெட்மாஸ்டர். தொட்டால் ஐந்து வயது. எனக்கு எட்டவில்லை. எட்டாதே, எனக்கு நாலுதானே முடிந்திருந்தது! அப்பா என் தலையைப் பைய ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டார். தொட்டுவிட்டது. அடுத்து, பிறந்த தேதி என்ன என்று கேட்டார்.

“வைகாசி மகம்” என்றார் அப்பா.

“நட்சத்திரத்தையா ரெஜிஸ்தர்ல எழுத முடியும்? இங்கிலீஷ் தேதி சொல்லும் வே!”

அப்பாவுக்கு அது தெரியாது. ஹெட்மாஸ்டர் சுவரைப் பார்த்தார். கோடை விடுமுறையில் என்றோ ஒருநாள் கடைசியாகத் தாள் கிழித்த தினசரி காலண்டர், மே பத்து என்று காட்டிக்கொண்டு தொங்கியது. அன்றைக்குச் சேர்ந்த, தேதி தெரியாத பதினோரு பேருக்கும் அதுவே பிறந்தநாள் ஆனது. எனக்கு ஒரு வயதும் கூடக் கிடைத்தது.

போன மாதம் என் மகன் போனில் சொன்னான்: “அம்மா, உனக்கு அறுபது வருது. மாலத்தீவுக்குப் போவோம். கடல் பக்கத்துலயே ரூம். மணல்ல மேசை போட்டுக் கேக் வெட்டுவோம்.”

“அதெல்லாம் எட்டு வயசுலயே வெட்டியாச்சு, போடா” என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

விளையாட்டில்லை. நான் கப்பலேறிச் சிலோனுக்குப் போன கதை உங்களுக்குத் தெரியும், ஒரு வருஷம் முழுக்க அதைச் சொல்லியே உங்கள் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன். ஆனால் ஒன்றை நீங்கள் யாரும் கேட்டதில்லை. நாலாம் வகுப்பு முடித்து டி.சி. வாங்கிக்கொண்டு போனவள், ஜூன் மாதம் அதே பெஞ்சில் வந்து எப்படி உட்கார்ந்தேன்? நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். என்னை அங்கே கொடுத்துவிட்டு வரத்தான் கூட்டிப்போனார்கள்.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, திருகோணமலையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவருக்கும் அவர் மனைவி பெரியம்மைக்கும் பதினாலு வருஷமாகப் பிள்ளை இல்லை. எங்கள் வீட்டிலோ வரிசையாக மூன்று பெண்கள், நான் மூன்றாவது. அப்பாவைத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்து வளர்த்தவர் பெரியப்பா. அவர் ஒரு கடுதாசியில் கேட்டார், அப்பா மறு கடுதாசியில் சரி என்று எழுதிவிட்டார். அம்மாவிடம் கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தாலும் அந்தக் காலத்து அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்பது உங்களுக்கே தெரியும்.

எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. “சிலோனுக்கு லீவுக்குப் போறோம்” என்றார்கள், அவ்வளவுதான். ஆனால் என்னைப் பற்றித் தெரியும் அல்லவா? மூடி வைத்த எதையும் திறந்து பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. அம்மா ஆற்றுக்குக் குளிக்கப் போன நேரம் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அம்மாவின் சேலை நாலே நாலு இருந்தது. என் சட்டைகளோ அத்தனையும் இருந்தன, தீபாவளிக்கு எடுத்து வளர்ந்த பிறகு போடலாம் என்று வைத்திருந்த பெரிய பாவாடை உட்பட. அடியில் ஒரு பழுப்பு உறை. உள்ளே என் டி.சி. ‘வெளியேறக் காரணம்’ என்ற இடத்தில் ‘வெளிநாடு செல்வதால்’ என்று எழுதியிருந்தது.

அம்மா ஈரத் தலையோடு வந்ததும் கேட்டேன். “யம்மா, லீவுக்குப் போறதுக்கு டி.சி. எதுக்கு?”

“பாஸ்போர்ட்டுக்குக் கேப்பாங்கட்டி.”

“பாஸ்போர்ட்டுதான் அப்பமே வந்துட்டே?”

“உனக்கு வாயில வசம்பு வச்சுத் தேய்க்கணும்” என்று சொல்லிவிட்டு அம்மா தலையைத் துவட்டப் போய்விட்டாள். துண்டு முகத்தை மூடிக்கொண்டிருந்தது. அதை வெகு நேரம் எடுக்கவே இல்லை.

எட்டு வயதுப் பிள்ளை அழுதிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நான் அழவில்லை. எனக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டியிருந்தது. இருப்பதா வருவதா என்பதைப் பார்த்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். முடிவு என் கையில் இருப்பதாக ஒரு நினைப்பு, பாருங்கள்!

அப்பா ராமேஸ்வரம் வரை வந்தார். கப்பல் துறையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் கூலிங் கிளாஸ் வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டால் கடலும் அப்பாவும் ஒரே பச்சையாகத் தெரிந்தார்கள். “பெரியப்பா பெரியம்மை சொன்னபடி கேக்கணும். கேள்வி கேட்டு ஆள் உயிரை எடுக்காத, என்ன?” என்றார். கப்பல் நகர்ந்ததும் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தியா முடிந்து சிலோன் ஆரம்பிக்கிற கோடு தண்ணீரில் எங்கே போட்டிருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிட்டேன். கப்பல்காரர் ஒருவரிடம் கேட்டதற்கு, “நீ கண்ணசந்த நேரம் தாண்டிட்டுது பிள்ளை” என்றார். அந்த ஏமாற்றம் எனக்கு இரண்டு நாள் இருந்தது.

கரையேறி ரயில் பிடித்து மதவாச்சியில் இறங்கினால் பெரியப்பா கார் கொண்டுவந்து நின்றார். திருகோணமலை வீட்டில் எனக்கென்று ஒரு அறை. எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் சேர்த்தே ஒரு அறைதான் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நீலக் கொசுவலை கட்டிய சின்னக் கட்டில், வார்னிஷ் வாசனை போகாத புது மேசை, அதன்மேல் சீவி வைத்த ஆறு பென்சில்கள். ஜன்னலைத் திறந்தால் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் கடல்.

அங்கே எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பெரியம்மையைத்தான். உயரமாக, மூக்குக் கண்ணாடி போட்டு, பெரிதாகச் சிரிப்பாள். குலசேகரன்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவள், கடலென்றால் அவளுக்குப் பயமே கிடையாது. எங்கள் வீட்டில் நான் ஒரு கேள்வி கேட்டால் மூன்று விதமான பதில் வரும்: ‘சும்மா கிட’, ‘வாயை மூடு’, ‘உங்க அப்பாட்ட கேளு’. பெரியம்மை அப்படியில்லை. தெரிந்தால் சொல்வாள். தெரியாவிட்டால், “எனக்குத் தெரியாதுட்டி, வா பாப்போம்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

கன்னியா என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுக் கிணறுகள் ஏழு உண்டு. ஏழிலும் ஒரே சூடா என்று கேட்டேன். “தெரியாது, வா பாப்போம்.” போய், வாளியால் இறைத்து, ஏழிலும் கையை விட்டுப் பார்த்து, எது அதிகச் சூடு என்று இருவரும் சண்டை போட்டோம். அங்கே குளிக்க வந்த ஒரு அம்மாளை மத்தியஸ்தத்துக்குக் கூப்பிட்டோம். எங்கள் அம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து, எங்கள் இரண்டு பேருடைய துணிகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அந்த வீட்டில் வேறு மாதிரி ஆகிவிட்டாள். பேச்சைக் குறைத்துவிட்டாள். சமையலறையில் பெரியம்மையிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பாள், கடைக்காரர் சரக்கை ஒப்படைப்பதுபோல. “மோர்ச் சோத்துக்கு உப்பு ஒரு கல்லு கூட வேணும் அக்கா. பாகற்காய் திங்காது. காய்ச்சல் வந்தா நெத்தியில துணி போட்டா பிடிக்காது, உள்ளங்காலத்தான் தேச்சுவிடணும். இடி இடிச்சா ‘பயமில்லை’ன்னு சொல்லும், நம்பக்கூடாது.” பெரியம்மை அதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஒரு நோட்டு நிறைய நான் இருக்கிறேனே என்று ஒரே பெருமை!

நானும் ஒரு கணக்குப் போட்டேன். இங்கே இருந்தால் தனிக் கட்டில், கடல், ஐஸ் பழம் என்கிற குச்சி ஐஸ், பெரியம்மை. ஊருக்குப் போனால் இரண்டு அக்காமார், அவர்கள் கிள்ளுவார்கள். ஆனால் ஊரில் அம்மா இருக்கிறாள். இந்த இடத்தில் வந்து கணக்கு நின்றுவிடும். அம்மாவும் இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதை மட்டும் ஏனோ கேட்கவில்லை.

மே பத்தாம் தேதி காலையில் பெரியப்பா எங்கள் மூன்று பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு நிலாவெளிக்குப் போனார். கடற்கரையிலேயே ஒரு ஹோட்டல். வெள்ளை மணல், கண் கூசுகிற வெயில், தென்னைக்குக் கீழே சாய்வு நாற்காலிகள். வெள்ளைக்காரர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடந்தார்கள். “எண்ணெய் தேச்சா குளிக்காண்டாமா பெரியம்மை? சீயக்காய் எங்க?” என்று கேட்டேன். பெரியம்மை சிரித்த சிரிப்பில் ஒரு வெள்ளைக்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

மேசைமேல் ஒரு துணி மூடியிருந்தது. பெரியப்பா அதை எடுத்தார். உள்ளே ரோஸ் நிறக் கேக், அதில் என் பெயர், ஒன்பது மெழுகுவர்த்தி!

“சர்டிபிகேட்ட பாத்தேன்ட்டி. இன்னைக்கு உனக்குப் பொறந்தநாளுல்லா? பெரியப்பாட்ட சொல்லவே இல்லையே!” என்றார். முகமெல்லாம் பல்.

நான் அம்மாவைப் பார்த்தேன். இது என் பிறந்தநாள் இல்லை, எனக்கு வயது ஒன்பதும் இல்லை. இது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. அம்மாவுக்கு அது தெரியும், எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். அம்மா கண்ணை மட்டும் ஒரு தரம் மூடித் திறந்தாள். சொல்லாதே என்று அர்த்தம். அந்தக் கண்ணுக்கு நான் வாழ்க்கையில் கட்டுப்பட்டது அந்த ஒருதரம்தான்.

அம்மாவுக்கு வேறு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று முட்டை. எங்கள் வீட்டில் முட்டை படியேறாது. பெரியப்பா முதல் நாளே சொல்லி வைத்திருந்தார். சமையல்காரர் வந்து, “முட்டை போடாமல் கேக் செய்யச் சொல்லிப்போட்டார் ஐயா. இதைக் கேக் எண்டு சொல்ல எனக்கே வெட்கமாக் கிடக்கு” என்றார். உண்மைதான், அறுத்தெடுக்கக் கத்தியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இன்னொன்று மெழுகுவர்த்தி. “விளக்க வாயால ஊதி அணைக்கிறதாவது! நல்ல நாளும் அதுவுமா?” என்று அம்மா முணுமுணுத்தாள். நான் வாயைக் குவிப்பதற்குள் கடல் காற்று ஒன்பதையும் அணைத்துவிட்டது. “நல்லதாப் போச்சு” என்றாள் அம்மா. அந்த நாள் முழுக்க அவள் சந்தோஷமாகச் சொன்னது அது ஒன்றுதான். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்று ஆங்கிலத்தில் வாழ்த்துப் பாடினார்கள். யாரென்றே தெரியாத எனக்கு எதற்குப் பாடுகிறார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

பிறகு பெரியம்மை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு என்னைத் தூக்கிக் கடலில் இறக்கினாள். அலை வருகிறபோது குதிக்க வேண்டும், ஓடக்கூடாது என்று சொல்லித்தந்தாள். அம்மா தாமிரபரணியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துகிறவள், ஆனால் கடலைக் கண்டால் காலை இழுத்துக்கொள்வாள். மணலில் எங்கள் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள். நான் அலைக்கு மேலே குதித்துக் குதித்துக் கையை ஆட்டினேன். அம்மாவும் ஆட்டினாள். அங்கிருந்து பார்க்க அம்மா ரொம்பச் சின்னதாக இருந்தாள். ஹோட்டல்காரர் ஒரு போட்டோ எடுத்தார். அதில் கேக், பெரியப்பா, பெரியம்மை, நான். ஓரத்தில் அம்மாவின் ஒரு கையும் வளையலும் மட்டும். அந்தப் போட்டோ பிற்பாடு சிலோனில் நடந்த இனக் கலவரத்தில் பெரியப்பாவின் கடையோடு எரிந்துபோனது.

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது பெரியப்பா சொன்னார், ஜூன் ஒன்றாம் தேதி பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம், பேசியாகிவிட்டது என்று. அம்மாவுக்குத் தனியாகத் திரும்பிப்போக நாளும் குறித்துவிட்டார்கள், இன்னும் பதினோரு நாளில்.

அம்மா கிளம்புவதற்கு முதல் நாள் காலையில், “கோயிலுக்குப் போயிட்டு வந்திருதேன் அக்கா, இவளையும் கூட்டிட்டு” என்றாள். பெரியம்மை தானும் வருகிறேன் என்று புறப்பட்டுவிட்டாள். அம்மாவின் முகம் ஒரு கணம் என்னவோ போல் ஆனது.

கோணேசர் கோயில் ஒரு குன்றின் நுனியில் இருக்கிறது. கோட்டைக்குள் புகுந்து போக வேண்டும், வழியெல்லாம் மான்கள். சந்நிதியில் அம்மா அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனபோது பெரியம்மை முந்திக்கொண்டாள். “இரு, என் பிள்ளைக்கு நான் பண்ணுதேன்” என்றாள். அவள் என்னை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு, “பிள்ளைட பேர்?” என்று கேட்டார். பெரியம்மை சொன்னாள். “நட்சத்திரம்?”

பெரியம்மை வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அந்த நோட்டில் எல்லாம் இருந்தது, உப்பு, பாகற்காய், உள்ளங்கால் எல்லாம். இது இல்லை. “தெரியாது” என்றாள். ‘வா பாப்போம்’ என்று அவள் சொல்லாத ஒரே தடவை.

பின்னாலிருந்து அம்மா சொன்னாள், குரலே இல்லாமல்: “மகம்.”

“மகமோ? இண்டைக்கும் மகமல்லோ! எந்த மாசத்துப் பிள்ளை?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொல்லிவிட்டேன். “வைகாசி.”

“அப்ப பிள்ளைக்கு இண்டைக்குத்தான் பிறந்தநாள் எண்டு சொல்லுங்கோவன்!” என்று சிரித்துக்கொண்டு ஐயர் உள்ளே போனார்.

உள்ளே என் பெயரும் நட்சத்திரமும் மந்திரத்தோடு கலந்து கேட்டன. எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது, வந்தால் நிற்குமா? “அப்பம் அன்னைக்கு வெட்டின கேக்கு யாருக்கு, பெரியம்மை?” என்று கேட்டேன்.

பெரியம்மை என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். திருநீறு வாங்கி எனக்குப் பூசிவிட்டாள். வெளியே வந்ததும், “நீ போயி அங்கன மானுக்குத் தேங்காச்சில் குடு” என்று என்னைக் கீழே அனுப்பினாள். நான் மானுக்குத் தேங்காய் கொடுத்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். குன்றின் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். பெரியம்மை என்னவோ சொன்னாள். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காற்றில் ஒரு சொல்லும் இங்கே வரவில்லை.

மறுநாள் அம்மாவோடு நானும் ஊருக்குத் திரும்பினேன். டிரங்குப் பெட்டியில் என் சட்டைகள், டி.சி., எல்லாம் அப்படியே வந்தன.

பெரியப்பா அப்பாவுக்குக் கடுதாசி எழுதினார்: ‘உன் மதினிக்கு ஒத்துவரவில்லை. பிள்ளை வளர்க்கிற பொறுமை தனக்கு இல்லையென்று சொல்லிவிட்டாள். என்னை மன்னித்துக்கொள்.’ அப்பாவுக்கு வந்ததே கோபம்! “வரவழைச்சு வச்சிப் பாத்து, வேண்டாம்னு திருப்பி அனுப்புததுக்குப் பிள்ளை என்ன சேலையா?” என்று கத்தினார். சாகும் வரை அவர் பெரியம்மையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உறவில் எல்லாரும் அதையே சொன்னார்கள், மலடிக்கு மனசும் மலடு என்றுகூடச் சொன்னார்கள். அம்மா அதையெல்லாம் கேட்டுக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு வேறு நினைப்பு. என் வாய்தான் கெடுத்தது என்று நினைத்தேன். அந்தக் கேக்குக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் பெரியம்மைக்கு என்னைப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். அந்த வருஷம் உங்களிடம் வாய் ஓயாதவள் வகுப்பில் மட்டும் கையே தூக்காமல் இருந்ததற்கு டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். காரணம் இதுதான். பெரியம்மைக்கு வேண்டாதவள் நான் என்பது உள்ளே எங்கோ முள்ளாக இருந்துகொண்டே இருந்தது.

ஆனால் வருஷந்தோறும் மே பத்தாம் தேதிக்குச் சரியாக வந்து சேருகிற மாதிரி ஒரு வாழ்த்து அட்டை வரும். பெரியம்மையின் கையெழுத்து, உருண்டை உருண்டையாக. அக்காமார் சிரிப்பார்கள்: “கோயில்ல அத்தனை நடந்தும் பெரியம்மைக்கு இன்னும் தேதி மண்டையில ஏறலை பாத்தியா!” நானும் சிரிப்பேன். பதிமூன்று வயதில், ஏதோ ஒரு ஆங்காரத்தில், ஒரு பதில் எழுதினேன். ‘அன்புள்ள பெரியம்மைக்கு, மே பத்து என் பிறந்தநாள் இல்லை. அது பள்ளிக்கூடத்துப் பொய்த் தேதி. என் பிறந்தநாள் வைகாசி மகம். அது உங்களுக்கும் தெரியும்.’ கடைசி வரியை எழுதியபோது நன்றாக இருந்தது. அடுத்த வருஷம் அட்டை வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. வைகாசி மகத்துக்கும் வரவில்லை. அப்புறம் நான் மறந்துவிட்டேன்.

கலவரத்துக்குப் பிறகு பெரியப்பாவும் பெரியம்மையும் இரண்டு பைகளோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். பெரியப்பா அதிக நாள் இருக்கவில்லை. பெரியம்மை வண்ணார்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். கல்யாண வீடுகளில் பார்ப்போம். “நல்லா இருக்கியாட்டி?” “இருக்கேன் பெரியம்மை.” அதோடு சரி.

இந்தச் சித்திரையில் ஒருநாள் மகனோடு நடந்த மாலத்தீவுப் பேச்சை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு எண்பத்தைந்து ஆகிறது, என்னோடுதான் இருக்கிறாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அதுவும் மே பத்தாம் தேதி வெட்டணுமாம், அந்தப் பொய்யான நாள்ல” என்றேன்.

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். “அது பொய்யான நாளு இல்லட்டி. அது உங்க பெரியம்மை கேட்டு வாங்குன நாளு” என்றாள்.

அந்தக் குன்றின்மேல் நடந்ததை அன்றைக்குத்தான் சொன்னாள்.

“இத்தனையும் சொன்னியே, இத மட்டும் ஏன் மறைச்சன்னு அக்கா கேட்டா. பிள்ளையத் தந்தாச்சு, நட்சத்திரத்த மட்டும் நான் வச்சுக்கிடலாம்னு பாத்தேன் அக்கான்னு சொன்னேன். எங்கன இருந்தாலும் வருசத்துல ஒருநாள் எனக்குன்னு ஒரு அர்ச்சனை பண்ணிக்கிடலாம்லா? அதுக்குத்தான்.”

“அதுக்குப் பெரியம்மை என்ன சொன்னா?”

“நட்சத்திரத்தையே தர முடியாதவ பிள்ளைய எப்படித் தருவன்னா. கூட்டிட்டுப் போயிரு, அவுகள்ட்ட எனக்குத்தான் ஒத்துவரலைன்னு சொல்லிக்கிடுதேன், பழி எனக்கு இருக்கட்டும்னா. பெறகு, அந்தப் பத்தாம் தேதிய எனக்கு விட்டிருதியான்னு கேட்டா. அது நீங்க யாரும் கொண்டாடாத நாளுதானன்னு கேட்டா. நானும் சரின்னேன்.”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “ஊரே அவள அத்தனை பேச்சுப் பேசிச்சே! அப்பாட்ட ஒரு வார்த்தை சொல்லலாம்லாம்மா?”

“சொன்னா, தர மனசில்லாதவன்னு எனக்குல்லா பேரு வரும்? பயந்துட்டேன்” என்றாள் அம்மா. கீரையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, “தப்புதான்” என்றாள். அதற்குமேல் அவளை நான் என்ன கேட்க?

அன்று முழுக்க என் பதிமூன்று வயதுக் கடுதாசி ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு நாள். அதையும் நான் பிடுங்கிக்கொண்டேனே! என்னை வேண்டாம் என்று சொன்னவள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அழுகை வந்தது. அழுதேன்.

இந்த மே பத்தாம் தேதி காலையில் உங்கள் வாழ்த்துகளுக்கெல்லாம் நான் ஏன் பதில் போடவில்லை என்று கேட்டீர்கள் அல்லவா? வண்ணார்பேட்டையில் இருந்தேன். மாடிப்படி செங்குத்து, பாதியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். பெரியம்மையே வந்து கதவைத் திறந்தாள். தொண்ணூறு நெருங்குகிறது, உயரம் குறைந்துவிட்டது. காலையிலேயே குளித்து, நல்ல சேலையாகக் கட்டியிருந்தாள்.

“பெரியம்மை, இன்னைக்கு எனக்குப் பொறந்தநாளு” என்றேன்.

அவள் என்னைக் கண்ணாடி வழியாக ஏற இறங்கப் பார்த்தாள். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை, இத்தனை வருஷம் எங்கே போனாய் என்றும் கேட்கவில்லை. திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“அன்னைக்கு நீ கேக்கு வெட்டுனது பதினோரு மணிக்குல்லா? இன்னும் அரை மணி நேரம் கிடக்கு. நான் எப்பமும் அந்த நேரத்துக்குத்தான் விளக்கேத்துவேன். வா, உக்காரு” என்றாள்.